நெஸ்பியேஹல் கல்லில் ஒரு வரி

என் அம்மா நெஸ்பியேஹல் என்ற பெயரோடு பிறந்தவள் அல்ல. பிறந்தபோது அவள் நொவாகோவா. எங்கள் நாட்டில் அதைவிட மலிந்த பெயர் கிடையாது. பள்ளியில் ஒரே வகுப்பில் மூன்று நொவாகோவாக்கள். ஆசிரியை உட்காரும் இடத்தை வைத்துக் கூப்பிடுவாராம்: ஜன்னல் நொவாகோவா, நடு நொவாகோவா, அடுப்பு நொவாகோவா. அம்மா அடுப்புப் பக்கம்.

"உங்க அப்பாகிட்ட எனக்கு முதல்ல பிடிச்சது என்ன தெரியுமா? பேருதான்," என்பாள். "மூக்கை அப்புறம்தான் பார்த்தேன். அதுக்குள்ள கல்யாணத் தேதி குறிச்சாச்சு."

நெஸ்பியேஹல் என்றால் 'அவன் அவசரப்படவில்லை' என்று பொருள். பெண்ணுக்கு வால் சேர்ந்து நெஸ்பியேஹலோவா. இப்படி வினைமுற்றே பெயராகிப்போன குடும்பங்கள் எங்களிடம் நிறைய உண்டு. 'குதித்தான்' இருக்கிறான், 'திரும்பி வந்தான்' இருக்கிறான், 'சமைக்கவில்லை' கூட இருக்கிறான். அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, காது பழகிவிட்டது. எங்கள் பெயருக்குக் காது பழகும் அளவுக்கு நாங்கள் இல்லை. அம்மா கடைசியாக எண்ணியபோது நாடு முழுவதும் ஒன்பது ஆண்கள். அதில் நான் ஒருவன். எனக்குப் பிள்ளைகள் இல்லை.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அம்மா பார்த்த வேலை, ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர்.

வ்ரபோவ் சின்ன ஸ்டேஷன். ஒற்றைத் தண்டவாளம், இரண்டு பக்கமும் மீன் ஏரி. அம்மா சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்று பச்சைத் தகட்டைத் தூக்கினால்தான் வண்டி நகரும். தொலைபேசியில் அவள் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் சிரிப்பார்கள். நகரத்துக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் தினமும் ஒரே நகைச்சுவையைச் சொல்வார்.

"அவசரப்படாதவளே, உன் வண்டி எங்க?"

"வந்துக்கிட்டே இருக்கு. உனக்கு என்ன அவ்வளவு அவசரம், பிரசவ ஆஸ்பத்திரி வாசல்லயா நிக்கிற?"

இதே கேள்வி, இதே பதில், பல வருடங்கள். அவர் ஓய்வு பெற்ற அன்று அம்மா மாலையில் அழுதாள். அவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை.

அப்பா 1984-இல் ஒரு பெண் பல் மருத்துவரோடு பில்சனுக்குப் போனார். எனக்கு ஒன்பது வயது. விவாகரத்து சுலபமாக முடிந்தது. சுலபமாக முடியாதது பெயர்.

அப்பாவின் அக்கா க்வேதா அத்தை ஊருக்கு நடுவில் பெரிய பண்ணையில் இருந்தாள், இன்றும் இருக்கிறாள். ஊரில் அந்த வீட்டுக்குப் பெயரே 'நெஸ்பியேஹல் வீடு'. விவாகரத்து ஆன வாரம் அத்தை ஸ்டேஷனுக்கு வந்தாள். நான் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"த்ராஷா, லுபோர் உன்னை விட்டுட்டான். சரி. அவன் பண்ணினது தப்புதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா பேரு எங்களோடது. அதைக் கழட்டி வச்சுடு. நீ மறுபடி நொவாகோவாவா ஆயிடலாமே."

"கல்யாணத்துக்கு நீங்க ரெண்டு வாத்து கொடுத்தீங்க க்வேதா அக்கா. அதைத் தின்னுட்டோம். அதையும் திருப்பிக் கேப்பீங்களா?"

"விளையாடாதே."

"விளையாடலை. பையன் பேரு நெஸ்பியேஹல். அவன் அம்மா பேரு வேறயா இருந்தா வாத்தியாருங்க கேப்பாங்க. அப்புறம், இந்தப் பேரு எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க தம்பியை நீங்க திருப்பி எடுத்துக்கலாம், நான் ஒண்ணும் சொல்லலை."

சட்டம் அம்மா பக்கம் இருந்தது. பெயர் தங்கிவிட்டது. அத்தை அதன் பிறகு ரயில் ஏற அடுத்த ஊர் ஸ்டேஷனுக்குப் போனாள். நடந்து போகிற தூரம் இல்லை; சைக்கிளில், காய்கறிக் கூடையோடு.

பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டவள் சும்மா இருக்கவில்லை. ரயில்வேக்காரர்கள் எங்கே போகவும் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. அம்மா விடுமுறை நாட்களில் நெஸ்பியேஹல்களைத் தேடிப் போனாள். ஊர் ஊராகத் தொலைபேசிப் புத்தகத்தைப் பார்ப்பாள், கிடைத்தால் கதவைத் தட்டுவாள். என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். கையில் எப்போதும் ஒரு பாப்பி விதை கேக்.

"நான் த்ரஹோமீரா நெஸ்பியேஹலோவா. ஒண்ணும் விக்க வரலை. நீங்க எந்த நெஸ்பியேஹல்னு தெரிஞ்சுக்க வந்தேன்."

பெரும்பாலும் உள்ளே கூப்பிட்டார்கள். தங்கள் பெயரை வேறொரு ஆள் வாயிலிருந்து கேட்டதே அவர்களுக்கு ஒரு அதிர்ச்சி. ஒஸ்ட்ராவாவில் ஒரு முடிதிருத்துபவர் இருந்தார். அவர் கடைப் பலகையில் பெயர் போட்டிருந்ததால் வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போனதாகச் சொன்னார். "பேரைப் பார்த்தாலே மதியச் சாப்பாடு போச்சுன்னு நினைச்சுக்கிறாங்க அம்மா."

பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருந்தது. முடிதிருத்துபவர் கதையில் எங்கள் மூதாதை, பிரபுவின் ஏரி வெட்டப் போகவேண்டிய நாளில், மணியடித்த பிறகும் சூப்பைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனான். அடி வாங்கினான், பெயரும் வாங்கினான். இன்னொரு வீட்டில், ஊர் தீப்பற்றியபோது எல்லோரும் ஓட, அவன் மட்டும் நிதானமாகப் பசுக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டான். மற்றவர்கள் மாடு இழந்தார்கள், அவன் இழக்கவில்லை. அம்மாவுக்கு இரண்டும் பிடிக்கும். எது உண்மை என்று நான் கேட்டால், "சூப்பும் குடிச்சிருப்பான், மாட்டையும் அவிழ்த்திருப்பான். ஒரு ஆளு வாழ்நாள்ல ஒரு தடவையா நிதானமா இருப்பான்?" என்பாள்.

ஜெச்சீனில் தேனீ வளர்க்கும் ஒரு கிழவர்தான் மூன்றாவது கதையைச் சொன்னார். அவர் பாட்டனாரும் வ்ரபோவ் பண்ணையிலிருந்து கிளம்பிப் போனவர். தேன் அடையை வெட்டிக்கொண்டே சொன்னார்.

"நாம யாரும் நெஸ்பியேஹல் இல்லம்மா. நாம வாவ்ரா."

"என்ன சொல்றீங்க?"

"பண்ணையில அந்தக் காலத்துல ஒரே ஒரு விதவைதான் மிச்சம். வாவ்ராங்கிற ஒரு ஆளு அவளைக் கட்டிக்கிட்டு வீட்டோட வந்து சேர்ந்தான். அப்பல்லாம் ஆளுக்குப் பேரு கிடையாது, வீட்டுக்குத்தான் பேரு. உள்ள வந்தவன் வீட்டுப் பேரைப் போட்டுக்கணும். அவ பிள்ளை பெத்துக்கலை. அவ செத்தப்புறம் அவன் வேறொருத்தியைக் கட்டினான். நாமெல்லாம் அவங்க வம்சம். அவசரப்படாதவன் ரத்தம் நம்மகிட்ட ஒரு சொட்டு கிடையாது."

ரயிலில் திரும்பும்போது அம்மா என்னிடம் சொன்னாள்: "இதை வ்ரபோவ்ல சொல்லாதே. க்வேதா அக்காவுக்கு அந்தப் பேரை விட்டா வேற என்ன இருக்கு? அவ காதுல விழவே கூடாது."

எனக்கு அப்போது பதினாறு வயது. அத்தையை வெல்ல இவ்வளவு நல்ல ஆயுதம் கையில் கிடைத்தும் ஏன் பயன்படுத்தவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

தொண்ணூற்றொன்பதில் அம்மா எல்லா நெஸ்பியேஹல்களையும் வ்ரபோவுக்கு அழைத்தாள். எங்கள் நாட்டில் இப்படி ஒரே பெயர்க்காரர்கள் கூடுவது உண்டு. நொவாக்குகள் கூடினால் ஒரு மைதானம் வேண்டும். எங்களுக்கு மதுக்கடையின் பின்அறை போதுமாக இருந்தது. பத்து மணி என்று அழைப்பில் இருந்தது. ஒன்பதரைக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். கடைக்காரர் கதவைத் திறந்துகொண்டே, "பேருக்கு மரியாதை கொடுக்கத் தெரியாத கூட்டம்," என்றார். பெரிய மேசையின் தலைப்பக்கம் க்வேதா அத்தையை உட்கார வைக்க அம்மா ஏற்பாடு செய்திருந்தாள். பண்ணைக்காரி அல்லவா. அத்தை வந்தாள், தலைப்பக்கம் உட்கார்ந்தாள், வறுத்த வாத்தில் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள், அம்மாவோடு பேசாமல் போனாள். தேனீக்காரர் வாவ்ராவைப் பற்றி வாய் திறக்கப் போன ஒவ்வொரு தடவையும் அம்மா அவர் கோப்பையில் பீர் ஊற்றினாள். மாலையில் அவரை இரண்டு பேர் பிடித்து வண்டியேற்றினார்கள்.

அவை நல்ல வருடங்கள். பிறகு ஸ்டேஷனை நகரத்திலிருந்தே இயக்க ஆரம்பித்தார்கள். அம்மா ஓய்வு பெற்றாள். நான் பிர்னோவில் பாலங்களின் தாங்குதிறனைக் கணக்கிடும் வேலையில் இருந்தேன். அம்மா ஸ்டேஷன் மாடியிலேயே வாடகைக்கு இருந்தாள். கடந்த பிப்ரவரியில் கணையத்தில் கட்டி என்றார்கள். மார்ச்சில் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னை வ்ரபோவ்ல நெஸ்பியேஹல் கல்லுக்குக் கீழ வை. நொவாக்குங்ககூட வேணாம். அங்க போனா மறுபடியும் அடுப்பு நொவாகோவாதான்."

"அத்தை சம்மதிக்கணும். கல்லறை இடம் அவங்க பேர்ல இருக்கு."

"கேட்டுப் பாரு. சண்டை போடாதே. அக்கா முடியாதுன்னா விட்டுடு."

விட்டுவிட எனக்கு மனம் இல்லை. வேறு எதுவும் அவள் என்னிடம் கேட்டதில்லை.

அவள் இறந்த மறுநாள் பண்ணைக்குப் போனேன். அத்தைக்கு எண்பத்து நான்கு வயது. வாத்துகளுக்குத் தீனி கலக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கரண்டியை வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாவம். நல்லவதான். நாக்குதான் கொஞ்சம் நீளம்."

கல்லறையைப் பற்றிக் கேட்டேன்.

"முடியாது ராடெக். அது ரத்தக்காரங்களுக்கு."

"அம்மா அம்பது வருஷம் அந்தப் பேரைச் சுமந்தாங்க அத்தை."

"போர்ட்டர்கூடத்தான் பெட்டியைச் சுமக்கிறான். பெட்டி அவனோடதா?" திரும்பிக் கரண்டியை எடுத்தாள். "உன் அப்பனே இங்க இல்லை. பில்சன்ல அந்தப் பல்லுக்காரி குடும்பக் கல்லறையில கிடக்கிறான். அவன் இல்லாத இடத்துல அவனை விட்டவளை எப்படி வைக்கிறது?"

"அவன் விட்டவளை," என்று திருத்தினேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

இல்லை. ஆனால் சண்டை போடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். வெளியே வந்தேன்.

அங்கிருந்து ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். யாராவது இறந்தால் ஊரின் கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகளில் அறிவிப்பார்கள். முதலில் ஒரு இசைத்தட்டு, பிறகு செய்தி. அலுவலகப் பெண் யித்கா ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள்.

"சுருக்கமா எழுதுங்க. நீளமா இருந்தா காத்துல போயிடும், யாருக்கும் கேக்காது."

எழுதினேன்: 'நெடுநாள் நம்மோடு வாழ்ந்த திருமதி நெஸ்பியேஹலோவா காலமானார். இறுதி நிகழ்ச்சி வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு நகரத்து எரியூட்டு மண்டபத்தில்.'

முதல் பெயர் எழுதவில்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு நெஸ்பியேஹலோவா.

ஆனால் வ்ரபோவுக்கு அப்படி இல்லை. அந்த ஊரில் சட்டப் பெயரை யார் பயன்படுத்துகிறார்கள்? எந்த வீட்டில் இருக்கிறாயோ அந்த வீட்டின் பெயர்தான் உன் பெயர். அம்மா இருந்தது ஸ்டேஷனில். அவளை எல்லோரும் 'ஸ்டேஷன் த்ராஷா' என்றுதான் சொன்னார்கள். நெஸ்பியேஹலோவா என்றால் பண்ணைக்காரி. அத்தை சட்டப்படி ஹ்ரூபா. யாரோமீர் ஹ்ரூபியைக் கட்டிக்கொண்டவள். அந்த ஊரில் அவளை ஹ்ரூபா என்று கூப்பிட்ட ஒரே ஆள் தபால்காரர், அதுவும் ஓய்வூதியம் கொடுக்கும்போது மட்டும். பிர்னோவில் இத்தனை காலம் இருந்து நான் இதை மறந்துபோயிருந்தேன்.

மறுநாள் காலை நான் அம்மாவின் அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது பாட்டு ஒலித்தது, அறிவிப்பு ஒலித்தது. நன்றாகவே கேட்டது. சிறிது நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"ராடெக், உடனே வா," என்றாள் அத்தை. "நான் செத்துட்டேனாம். சமையலறை நிறைய ஆளு."

ஓடினேன்.

பண்ணை வாசலில் சைக்கிள்கள் கிடந்தன. சமையலறையில் பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் கறுப்பில். மேசையில் ஆறு கேக், இரண்டு பாட்டில் பிளம் சாராயம், மெழுகுவத்திகள். நடுவில் அத்தை, ஏப்ரனோடு. முகம் சிவந்திருந்தது, கோபமா சந்தோஷமா என்று சொல்ல முடியவில்லை.

ஓய்வு பெற்ற தண்டவாளக்காரர் ஹாவெல்தான் முதலில் வந்தவர். அவர் கதையை எனக்காக மறுபடி சொன்னார்.

"கதவைத் தட்டினேன். இவங்களே வந்து திறக்கிறாங்க. கையில இருந்த கேக் விழுந்துடுச்சு."

"'யாரைப் பார்க்கணும்'னு கேட்டேன்," என்றாள் அத்தை. "'உங்களைத்தான், கடைசியா ஒரு தடவை'ங்கிறான்."

"உங்களுக்குக் கேக்கலையா அத்தை? ஸ்பீக்கர்ல சொன்னாங்களே."

"எங்க கம்பத்து ஸ்பீக்கரை நான்தான் கழட்டச் சொன்னேன். வாத்துங்க பயப்படுதுன்னு." அவள் மேசையைக் காட்டினாள். "பாரு, ஆறு கேக். உயிரோட இருந்தப்போ ஒருத்தர் எட்டிப் பார்க்கலை."

"இப்பவும் உயிரோடதான் இருக்கீங்க," என்றார் ஹாவெல்.

"உன் தயவு இல்லை அது."

நான் எழுதிய தாளைப் பற்றிச் சொன்னேன். இறந்தது என் அம்மா என்று சொன்னேன்.

யாரும் எழுந்து போகவில்லை. இறைச்சிக் கடைக்காரி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஸ்டேஷன் த்ராஷாவா? நம்ம த்ராஷாவா?"

பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். இறைச்சிக் கடைக்காரிக்கு இளவயதில் கர்ப்பத்தில் இரத்தம் போனபோது, ஆம்புலன்ஸ் பனியில் மாட்டிக்கொள்ள, அம்மா நகரத்துக்குப் போகும் வண்டியை அவளுக்காக நிறுத்திவைத்தாளாம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து கத்தினார்களாம். "'வண்டி கிளம்பலையா, என்ன காரணம்'னு கேக்கிறாங்க. இவ, 'என் பேரைப் பாருங்க, அதுதான் காரணம்'ங்கிறா." கடைக்காரி சிரித்தாள், அழுதாள். "சம்பளத்துல பிடிச்சாங்க. ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லலை. என் பொண்ணுக்கு இப்போ நாப்பது வயசு."

கல் குவாரி வேலையாட்கள் காலை வண்டிக்கு ஏரிக்கரையில் ஓடி வருவார்கள், அம்மா பிளாட்பாரத்தில் நின்றபடி, "ஓடாதீங்கடா, வழுக்கி விழுந்தா அதுக்கும் நான்தான் அறிக்கை எழுதணும்!" என்று கத்துவாள் என்றார் ஹாவெல். அத்தையின் சாராயப் பாட்டில் ஒன்று முடிந்தது. அத்தையே எழுந்து இன்னொன்று எடுத்து வந்தாள்.

ஹாவெல் என் பக்கம் திரும்பினார். "எங்க வைக்கப் போறீங்க தம்பி?"

"பிர்னோவுல. சாம்பல் ஜாடி வைக்கச் சுவர்ல மாடம் கிடைக்கும்."

"சுவர்லயா? நெஸ்பியேஹல் கல்லு இங்க இருக்கும்போது?"

"அது ரத்தக்காரங்களுக்கு," என்றாள் அத்தை.

"அப்படியா? உங்க யாரோமீர் ஹ்ரூபி வீட்டுப் பையன். நானும் அவனும் ஒரே பெஞ்சு. அவன் அந்தக் கல்லுக்குக் கீழதானே இருக்கான்? ரத்தம் எப்போ மாறிச்சு? பீர் குடிச்சு மாறிச்சா?"

சிலர் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. "அவர் இந்த வீட்டுக்கு வந்தார். வீடு பேரைக் கொடுத்தது. அவ வீட்டுக்கு வரவே இல்லையே. ஸ்டேஷன்ல இருந்தா."

"நீங்க கூப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் இறைச்சிக் கடைக்காரி.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கேக்குகளைத் திருப்பி எடுத்துப் போக யாருக்கும் மனம் வரவில்லை.

அத்தையும் நானும் இருந்தோம். அவள் தட்டுகளை அடுக்கினாள். நான் கோப்பைகளைக் கழுவினேன். தேனீக்காரர் சொன்னது என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும்: நீங்களும் ரத்தக்காரி இல்லை அத்தை, நீங்கள் வாவ்ரா. எண்பத்து நான்கு வயதுப் பெண்ணிடம், அவள் சமையலறையில். அம்மா என்றோ ஒரு ரயில் பெட்டியில் சொன்ன வார்த்தையை நினைத்தேன். கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன்.

அத்தைதான் ஆரம்பித்தாள்.

"ஹாவெல் ஏதோ பெரிசா கண்டுபிடிச்ச மாதிரி பேசறான். ரத்தம், ரத்தம். இந்த வீட்டுல ரத்தம்னு பார்த்தா ஒருத்தரும் தேற மாட்டாங்க. நாமே வாவ்ரா. எங்க அப்பா எனக்குச் சின்ன வயசுலயே சொன்னார்."

நான் திரும்பினேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"உனக்குத் தெரியுமா?" அவள் அடுக்குவதை நிறுத்தினாள். "யாரு சொன்னா?"

"ஜெச்சீன் தேனீக்காரர். அம்மாவும் நானும் போயிருந்தோம்."

"எப்போ?"

"எனக்குப் பதினாறு வயசு. மதுக்கடையில எல்லாரும் கூடினதுக்கு ரொம்ப முன்னாடி."

அத்தை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கணக்குப் போடுகிறவள் போல் உதடு அசைந்தது.

"அப்போ அன்னைக்கு அவளுக்குத் தெரியும். என்னை மேசைத் தலைமாட்டுல உட்கார வச்சாளே, அன்னைக்கு."

"ஆமா."

"அந்தக் கிழவனுக்குப் பீர் ஊத்திக்கிட்டே இருந்தாளே."

"நீங்க கேட்டா வருத்தப்படுவீங்கன்னு நினைச்சாங்க. உங்க காதுல விழவே கூடாதுன்னு எங்கிட்டயும் சொல்லிட்டாங்க."

"கழுதை," என்றாள் அத்தை. "சொல்லியிருந்தா நல்லா ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். அதுக்கப்புறம் காப்பி குடிச்சிருக்கலாம்." ஏப்ரனால் மூக்கைத் துடைத்தாள். "ரத்தம் எல்லாம் சும்மா ராடெக். வேற விஷயம். கல்லுல ஒரே ஒரு வரிதான் பாக்கி. யாரோமீருக்குக் கீழ. அது என்னோடது. பதினஞ்சு வருஷமா பார்த்து வச்சிருக்கேன். த்ராஷாவை எழுதிட்டா நான் எங்க போறது? பின்பக்கமா?"

"போய் அளக்கலாமா?"

"என்னத்தை?"

"கல்லை."

காரில் எப்போதும் அளவு நாடா இருக்கும். இருவரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். கருங்கல். மேலே பெரிய எழுத்தில் 'நெஸ்பியேஹல் குடும்பம்'. அதற்குக் கீழே முதல் பெயரும் வருடங்களும் மட்டும். 'யாரோமீர்' என்றுதான் இருக்கிறது, ஹ்ரூபி என்று எங்கும் இல்லை. மேலே உள்ள அந்த ஒரு பெயர் கீழே வருகிற எல்லோரையும் நெஸ்பியேஹல் ஆக்கிவிடுகிறது. மண்டியிட்டு அளந்தேன். எழுத்து உயரம் நாலு சென்டிமீட்டர். கீழே விளிம்பு வரை மிச்சம் பதினொன்று.

"எழுத்தை மூணாக்கினா ரெண்டு வரி வரும். நடுவுல ரெண்டு, மேலயும் கீழயும் ஒண்ணரை ஒண்ணரை. உறுத்தாது."

"மத்தவங்க நாலு, நாங்க மூணா?"

"நீங்க ரெண்டு பேரும் ஒரே அளவு."

அத்தை கல்லின் விளிம்பில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள்.

"ரெண்டையும் ஒரே சமயத்துல வெட்டச் சொல்லு," என்றாள். "என்னோடதுல பொறந்த வருஷம் போட்டு ஒரு கோடு இழுத்து விடட்டும். நான் போனப்புறம் நீ செலவைப் பார்த்துட்டு எட்டு மில்லிமீட்டர்ல வெட்டிடுவே."

வெள்ளிக்கிழமை எரியூட்டு மண்டபத்துக்கு ஊரிலிருந்து இரண்டு பஸ் வந்தது. மூன்று நெஸ்பியேஹல்கள் ரயிலில் வந்தார்கள். தேனீக்காரர் எப்போதோ போய்விட்டார். அவர் பேத்தி வந்தாள், தேன் பாட்டிலோடு. இசை முடிந்து திரை மூடியது. அதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

சாம்பல் ஜாடி பிர்னோவில் என் சமையலறை அலமாரியில் ஆறு வாரம் இருந்தது. எடை போட்டுப் பார்த்தேன். இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. வேலை அப்படிப் பழக்கியிருக்கிறது.

மே மாதம் கல்தச்சர் ஷிமா இரண்டு வரிகளையும் வெட்டி முடித்தார். வெட்டும் முன் பண்ணைக்குப் போன் செய்து யார் பெயர் மேலே என்று கேட்டாராம். "முன்னாடி போனவ முன்னாடி. இதையெல்லாமா கேப்பாங்க?" என்று அத்தை வைத்துவிட்டாளாம். த்ரஹோமீரா, 1951, 2024. அடுத்து க்வேதோஸ்லாவா, 1940, ஒரு கோடு.

ஜாடியை வைக்கும் நாளில் நாங்கள் இருவர் மட்டும்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் கல்மூடியைக் கடப்பாரையால் நகர்த்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். நான் குனிந்து ஜாடியை இறக்கினேன். உள்ளே ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. கையை எடுக்கச் சிறிது நேரம் ஆனது.

அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இடது பக்கம் இருக்கிறது யாரோமீர். பயங்கரமா குறட்டை விடுவான். விலாவுல ஒரு இடி இடிச்சா திரும்பிப் படுத்துக்குவான். அவகிட்ட சொல்லி வை."

சொன்னேன்.